பொன்னியின் செல்வனைக் கல்வெட்டோடு சேர்த்துப் படிக்க: வாசிப்பு வட்டம் நடத்துவோருக்கு

சரித்திர நாவலைப் படித்து முடித்தவர் முதலில் கேட்பது "இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கல்கியைப் போன்ற ஒருவரை ரசிக்க வேறு கேள்வி வேண்டும்: எழுத உட்கார்ந்தபோது அவர் கையில் என்ன இருந்தது, அதில் எதை எடுத்தார், எதை விட்டார், எந்த ஓட்டையை எதை வைத்து அடைத்தார்? ஐந்து பாகத்தையும் ஒரு குழுவாக உட்கார்ந்து, இந்தக் கேள்வியோடு படிக்கும் முறை கீழே. தனியாகப் படிப்பவரும் பெரும்பகுதியைப் பின்பற்றலாம். முன்னெச்சரிக்கை ஒன்று: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை இங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. அது வரலாறே சொல்லிவிட்ட செய்தி. நாவலின் மற்ற முடிச்சுகளை அவிழ்க்கவில்லை.

பதிப்பும் பக்க எண்ணும்

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பல பதிப்பகங்கள் பல அளவில் போட்டிருக்கின்றன. குழுவில் பத்துப் பேர் இருந்தால் ஆறு பதிப்பு வந்து சேரும். "312ஆம் பக்கம் பாருங்க" என்றால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். பக்க எண்ணை முதல் நாளே கைவிட்டுவிட்டு, பாகம், அத்தியாயம் என்று மட்டும் சொல்லப் பழகுங்கள். 1-6 என்றால் முதல் பாகம், ஆறாம் அத்தியாயம், 'நடுநிசிக் கூட்டம்'. இது எந்தப் பதிப்பிலும் மாறாது.

வாங்கும்போது அத்தியாய எண்ணிக்கையைச் சரிபாருங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஆக 293. எண்ணிக்கை குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது கதைசொல்லி நின்று பேசும் இடங்கள், ஊர் வர்ணனை, சரித்திரக் குறிப்பு. நமக்கு வேண்டியதே அவைதான். ஐந்தாம் பாகத்தின் இறுதியில் ஆசிரியரின் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் குழுவுக்கு ஒன்றாவது மணியம் ஓவியங்களோடு இருக்கட்டும். தொடராக வந்தபோது வாசகர்கள் கதாநாயகன் வந்தியத்தேவனைப் பார்த்தது அந்தக் கோடுகளில்தான். காசு போட முடியாதவர்களுக்கு மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கிறது. சட்டப்படி சிக்கலும் இல்லை.

எத்தனை பேர், எத்தனை வாரம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ குடிப்பார்கள். வாரம் 12 அத்தியாயம் என்று வைத்தால் 25 வாரத்தில் முடியும். முதல் பாகத்துக்கு மட்டும் ஒரு வாரம் கூடக் கொடுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெயர்களில். அந்தத் தடுமாற்றம் முதல் இருபது அத்தியாயத்துக்குள் தீராவிட்டால் ஆள் நின்றுவிடுவார். அதற்கு மருந்து ஒரு பக்க வம்சாவளி: விஜயாலயன், ஆதித்தன், முதற் பராந்தகன். பராந்தகனின் பிள்ளைகளில் இராசாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தனுக்குச் செம்பியன் மாதேவி வழியாக உத்தம சோழன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. இவ்வளவு போதும். மூத்த கிளையில் ஒரு பிள்ளை இருக்க, இளைய கிளை ஆள்கிறது என்ற ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ஐந்து பாகத்தின் அரசியலும் பிடிபட்டுவிடும். இணையத்தில் சுற்றும் பெரிய வம்சாவளிப் படங்களைப் பகிராதீர்கள். கதையின் கடைசி முடிச்சையே அவற்றில் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம். யாராவது ஒருவர் ஓர் அத்தியாயத்தையோ பாதியையோ வாய்விட்டு வாசிக்கட்டும். ஓர் அத்தியாயம் ஏறக்குறைய கால் மணி. வாரப் பத்திரிகை வரும் நாளில் வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்து உரைநடை இது. காதில் விழும்போதுதான் வாக்கியத்தின் நடை தெரியும். அதன்பின் அரைமணி நேரம் ஒரே ஒரு காட்சி. பிறகு ஆதாரம். எல்லா அத்தியாயத்தையும் தொட்டுக்கொண்டு போனால் கதைச்சுருக்கம் ஒப்பிப்பதாக முடியும்.

குறிப்பேட்டில் நாலு பத்தி

ஒவ்வொருவரும் ஒரு நோட்டை நெடுக்காகக் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரித்துக்கொள்ளட்டும். முதல் பத்தி, கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஆளும் செயலும் உறுதியானவர்கள்: சுந்தர சோழர், செம்பியன் மாதேவி, குந்தவை, அன்பில் அநிருத்தர். இரண்டாவது, பெயர் மட்டும் உள்ளவர்கள். இதற்கு நல்ல உதாரணம் வந்தியத்தேவன்தான். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டால் தெரிகிறது. அவர் குறும்புக்காரரா, குதிரையில் வந்தாரா, பொய் சொல்வதில் கெட்டிக்காரரா என்பதற்குக் கல்லில் பதில் கிடையாது. ஒரு பெண்ணுக்கு அடைமொழியாக வந்த பெயரை எடுத்து இரண்டாயிரம் பக்கக் கதையின் தேரோட்டியாக்கியது கல்கி. மூன்றாவது பத்தி, இலக்கியமும் மரபும் சொல்பவை. நான்காவது, முழுக் கற்பனை: நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மந்தாகினி.

சிலர் பத்திக்கு அடங்க மாட்டார்கள். வானதி அப்படி. அருள்மொழியின் மகன் இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவி என்ற திரிபுவன மாதேவி என்பது உறுதி. அவர்தான் கொடும்பாளூர் இளவரசி வானதி என்பது நாவலாசிரியரின் முடிச்சு. இப்படிப்பட்டவர்களைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள்.

பத்தி நிரப்புவதில் அவசரம் கூடாது. அந்த வார அத்தியாயங்களைப் படித்து முடித்த பிறகுதான் ஆதாரத்தைத் திறக்க வேண்டும். முதலிலேயே 'இது கற்பனை' என்று தெரிந்துவிட்டால் பூங்குழலியின் பாட்டு பாட்டாகக் கேட்காது.

ஆட்சியாண்டைக் கிறித்துவ ஆண்டாக்குவது

சோழர் கல்வெட்டில் 'யாண்டு' என்று வருவது ஆட்சியாண்டு. மன்னன் பட்டத்துக்கு வந்த ஆண்டோடு அதைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். இராசராசன் (நாவலின் அருள்மொழி) அரியணை ஏறியது 985ஆம் ஆண்டின் நடுவில். ஆகவே இரண்டாம் ஆண்டு என்றால் 986 நடுவிலிருந்து 987 நடுவரை. பெரிய கோயில் விமானக் கலசத்துக்குச் சொல்லப்படும் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் 1010இல் வந்து விழுகிறது. போட்டுப் பாருங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். வெறும் 'கோவிராசகேசரி' என்று மட்டும் இருந்தால் அது கண்டராதித்தனாக இருக்கலாம், சுந்தர சோழனாக இருக்கலாம், தொடக்ககால இராசராசனாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவம், உடன் வரும் பெயர்கள் ஆகியவற்றை வைத்துத்தான் அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். 'காந்தளூர்ச் சாலை கலமறுத்த' என்று வந்துவிட்டால் ஐயமில்லை, இராசராசன். 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்றால் ஆதித்த கரிகாலன். அரியணைக்கே வராத இளவரசன் பேரில் ஆட்சியாண்டுக் கணக்கு ஓடுவதைக் கவனிக்க வேண்டும். காஞ்சியில் அவன் தனி அதிகாரத்தோடு இருப்பதாக நாவல் காட்டுவதற்குப் பின்னால் இது இருக்கிறது.

உடையார்குடிக் கல்வெட்டு: ஒரு முழுக் கூட்டம்

இதற்கு ஒரு கூட்டத்தை அப்படியே ஒதுக்குங்கள். ஐந்தாம் பாகத்தில் கொலை நடந்து முடிந்த வாரம் சரியான நேரம்.

கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில். எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழின் 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. இராசகேசரியின் இரண்டாம் ஆண்டு. அன்றைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணை ஒன்று அதில் எடுத்தாளப்படுகிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று மூவர் பெயர் வருகிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன். இவர்களுடைய நிலமும் உறவினர் நிலமும் பறிமுதலாகி விற்கப்பட வேண்டும். உறவினர் என்றால் மேலோட்டமாக இல்லை. பிள்ளைகள், மனைவிமார், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. கல்லில் வெட்டியதன் நோக்கம் கொலையைப் பற்றிச் சொல்வதும் அல்ல. நிலம் கைமாறி அறத்துக்குப் போனதற்கான பத்திரம் இது. சோழ வரலாற்றின் பெரிய கொலை நமக்குத் தெரிய வந்தது ஒரு நிலப் பத்திரத்தின் ஓரத்திலிருந்து.

இந்த வரிகளை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். முதல் கேள்வி: இதில் என்னவெல்லாம் இல்லை? எங்கே கொன்றார்கள், எப்போது, எதற்காக, யார் தூண்டினார்கள் என்று எதுவுமே இல்லை. கடம்பூர் மாளிகை இல்லை. மீன் இலச்சினை வாள் இல்லை. நந்தினி இல்லை. இந்த நாலு வெற்றிடமும்தான் நாவலாசிரியருக்குக் கிடைத்த சொத்து.

இரண்டாம் கேள்வி: கல்லில் இருந்ததை அவர் எப்படி மாற்றினார்? பிரமாதிராசன் என்பது உயர் பதவியிலிருந்த பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். ஆக, கல்வெட்டின் ரவிதாசன் அரண்மனைக்கு வெளியே சுற்றும் ஆள் அல்ல, உள்ளே இருந்தவன். நாவலில் அவன் ஆந்தைபோல் கத்தும் மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி, அதாவது உயிரைக் கொடுத்துக் காக்கும் மெய்க்காவலன். அதிகாரியைக் காட்டுக்கு அனுப்பியதால் பயம் கூடுகிறது. ஆனால் அரசுக்குள்ளிருந்து வந்த துரோகம் என்ற கசப்பான சாத்தியம் கைநழுவுகிறது. அந்தக் கசப்பை அவர் வேறு இடத்தில், பழுவேட்டரையர் தலைமையிலான சிற்றரசர் கூட்டத்தில், வைத்து ஈடுகட்டுகிறார். இந்த மாற்றம் நாவலுக்கு லாபமா நட்டமா என்று குழு சண்டை போடட்டும். நல்ல சண்டை.

மூன்றாவது, பட்டத்தின் முன்னொட்டு. பஞ்சவன் என்றால் பாண்டியன். ரவிதாசன் பட்டத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீரபாண்டியன் தலையைக் கொய்த இளவரசனைக் கொன்றவன் பெயரிலேயே பாண்டியன் இருந்தால் எந்தக் கதாசிரியன் சும்மா விடுவான்? அதே வரியில் தம்பியின் பட்டம் 'இருமுடிச்சோழ' என்று இருப்பதையும் காட்டிவிடுங்கள். ஒரு சொல் ஒரு பக்கம் இழுக்கிறது, அடுத்த சொல் மறுபக்கம் இழுக்கிறது. நாவலாசிரியர் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு போக முடியும். ஆய்வாளர் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கொலை 970ஐ ஒட்டி நடந்தது. இந்த ஆணை இராசராசனின் இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் ஓடிவிட்டது. இந்த இடைவெளியை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவர் நூல்களும் கல்கி காலத்திலேயே கிடைத்தவை. நாவல் யார் பக்கம் சாய்கிறது, அல்லது சாயாமல் எப்படித் தப்பிக்கிறது என்பதை ஐந்தாம் பாகம் முடியும்வரை குறித்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று. நாவல் திறப்பது ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் (இன்றைய வீராணம்). கல்வெட்டு இருப்பது அதே ஏரியை அடுத்த ஊரில். ஊர்ப் பெயரும் ஏரியின் பெயரும் ஒன்று. முதல் கூட்டத்தில் இதைச் சொல்லாதீர்கள். இந்தக் கூட்டத்தில் 1-1ஐ மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரு சுலோகம், ஒரு மகுடம்

இராசேந்திரனின் ஆறாம் ஆண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி (தென்னிந்தியக் கல்வெட்டுகள், மூன்றாம் தொகுதி) ஆதித்தன் சாவைப் பற்றி, விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்கிறது. அரண்மனைக் கவிஞரின் மழுப்பல் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்து, குடிமக்கள் அருள்மொழியை ஆளச் சொல்லி வேண்டினார்கள், தன் சிற்றப்பனுக்கு அரசின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று அவர் விலகினார் என்று வருகிறது. 91 அத்தியாயம் கொண்ட கடைசிப் பாகத்தின் தலைப்பு இந்த ஓரிரு சுலோகத்தின் மேல்தான் நிற்கிறது. அது தியாகமா, வேறு வழியில்லாத விட்டுக்கொடுத்தலா என்று செப்பேடு சொல்லாது. வென்ற கிளையின் பேரன் காலத்தில் எழுதப்பட்டது அது.

நாலாம் பாகத்து மணிமகுடத்துக்கு இலங்கைக்குப் போக வேண்டும். தோற்ற பாண்டிய மன்னன் தன் முடியையும் அரசச் சின்னங்களையும் ஈழத்தில் விட்டுப் போனதை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. முதற் பராந்தகன் கேட்டும் கிடைக்கவில்லை. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழ்ப்பாட்டில், 'முன்னவர் பக்கல் தென்னவன் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்' கைப்பற்றியதாக வருகிறது. சிங்களத் தரப்பு நூலும் சோழக் கல்லும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவது அபூர்வம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பிழை பிடிக்கும் ஆசை

பிழை பிடிப்பதற்கு ஒரு கூட்டம் கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் அதையே செய்வார்.

பெரிய மீன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற புத்த மடம். அருள்மொழி இளவரசராக இருக்கும்போதே அதில் தங்குவதாகக் கதை. சோழர் காலத்து லெய்டன் செப்பேடுகளின்படி, கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னர் தன் தந்தை சூளாமணிவர்மர் பெயரால் எடுத்தது அது. இராசராசன் 21ஆம் ஆண்டில், 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுக்கிறார். கதை நடக்கும் காலத்துக்கும் அதற்கும் முப்பதாண்டுக்கு மேல் இடைவெளி. 'கல்கி தப்புப் பண்ணிட்டார்' என்று எழுதிவிட்டு மூடிவிடலாம். அதைவிட, ஏன் அந்த விகாரம் அவருக்குத் தேவைப்பட்டது என்று கேளுங்கள். பின்னாளில் சைவப் பெருங்கோயில் கட்டிய மன்னன் புத்த விகாரத்துக்கு ஓர் ஊரையே ஏன் கொடுத்தான் என்பதற்கு, அவன் இளமையில் ஒரு காரணத்தை நட்டு வைக்கிறது நாவல். விளைவைப் பார்த்துவிட்டு விதையைக் கற்பனை செய்வது இந்த வகை எழுத்தில் அடிக்கடி நடக்கும் வேலை.

வாசகர்கள் தாமாகச் செய்யும் பிழையும் உண்டு. வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழையும் காட்சியைப் படிக்கும்போது பலர் மனத்தில் பெரிய கோயில் விமானம் எழுந்து நிற்கும். அது வர இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது. இன்று தஞ்சையில் தெரியும் கோட்டைச் சுவரும் அகழியும் நாயக்கர் காலத்தவை. 2022, 2023இல் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்களுக்கு முகங்களும் ஏற்கெனவே பதிந்திருக்கும். அதைத் தடுக்க முடியாது. படத்தில் மட்டும் உள்ள காட்சியை நாவலில் இருப்பதாகச் சொன்னால் "பாகம், அத்தியாயம் சொல்லுங்க" என்று கேட்டால் போதும்.

எந்தச் சரித்திர நாவலுக்கும் பொருந்தும் சின்னச் சோதனை அடுக்களையில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு வந்தால் ஆசிரியர் அசந்துவிட்டார் என்று பொருள். அவை போர்த்துகீசியர் வந்த பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகுதான். அதேபோல் நேரம் நாழிகையில் ஓட வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். 'ஐந்து நிமிடம் கழித்து' என்று ஒரு ஒற்றன் நினைத்தால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

தொடர்கதையின் எலும்பு

நாவல் வந்தது 1950 அக்டோபர் முதல் 1954 வரை, வாரா வாரம், கல்கி பத்திரிகையில். ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய வாசகருக்கு எரிச்சல் தரும் பல விஷயங்களுக்குக் காரணம் இதுதான். முன்கதையை நினைவூட்டும் பத்திகள் வருவது, ஒருவாரம் தவறவிட்டவருக்காக. அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கை தோளில் விழுவது, அடுத்த இதழுக்காக. மரத்துக்குப் பின்னால், மதிலுக்கு மேல், சுரங்கத்துக்குள் என்று ஆட்கள் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கும் காட்சிகளை எண்ணச் சொல்லி ஒருவருக்கு வேலை கொடுங்கள். எண்ணிக்கை சிரிப்பை வரவழைக்கும். பிறகு கேளுங்கள்: வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்காமல், சதி அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேறு வழி என்ன? சிலவற்றுக்கு வழி இருக்கும். சிலவற்றுக்கு இருக்காது. ஒட்டுக்கேட்டல் ஐந்தாம் பாகம்வரை தாங்கவில்லை என்பது என் கட்சி. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அது பழகிய தந்திரமாகத் தேய்கிறது.

முடிவுரையைக் கடைசிக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். தொடர் திடீரென்று முடிந்ததாகக் குறைப்பட்ட வாசகர்களுக்கு ஆசிரியர் பதில் சொல்லும் இடம் அது. வாசகர் கேள்விகளோடு சேர்ந்தே வளர்ந்த நாவல் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

நேரில் போவதானால்

ஒருநாள் பயணத்துக்கு இரண்டு தொகுதிதான் சரிப்படும். காலையில் காட்டுமன்னார்கோயில், உடையார்குடி, வீராணம் ஏரிக்கரை. மாலையில் கும்பகோணத்தை ஒட்டிய திருப்புறம்பியம், பழையாறை. தஞ்சையையும் அதே நாளில் திணித்தால் எதையும் பார்க்க முடியாது. கோயில்கள் நண்பகலில் மூடி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். காலை எட்டு மணிக்குள் உடையார்குடியில் இருங்கள். ஆடியில் போனால் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பது மேட்டூர் திறப்பைப் பொறுத்தது. நாவலின் கடல் போன்ற ஏரியை எதிர்பார்ப்பவர்கள் மார்கழியில் போவது நல்லது.

பழையாறையில் அரண்மனையைத் தேடாதீர்கள், இல்லை. ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர். நாவலில் படைவீடுகளாக வரும் இடங்கள் இன்று பஸ் நிறுத்தப் பலகையில் இருக்கின்றன. மேலக்கடம்பூர்க் கோயில் அழகான தேர்க் கோயில். ஆனால் முதற் குலோத்துங்கன் காலத்தது, கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. நாவலின் கடம்பூர் மாளிகை, அதாவது சம்புவரையர் மாளிகை, அங்கே நின்றதற்கு எந்தச் சுவரும் சாட்சி சொல்லாது.

கல்வெட்டைப் படிக்க டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கல் கெடும், அர்ச்சகரும் கோபிப்பார், இரண்டும் நியாயம். எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரியும். வடசொற்களுக்குக் கிரந்தம் வரும். அச்சுப் பாடத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, 'ஸ்வஸ்திஸ்ரீ'யைக் கண்டுபிடித்து அங்கிருந்து எழுத்து எழுத்தாகப் போனால் அரைமணியில் ஒரு வரி வசப்படும்.

கூட்டம் குலையும் இடங்கள்

'அவர் எங்க ஆளு' என்று ஒருவர் ஆரம்பித்தால், வந்தியத்தேவனிலிருந்து இராசராசன்வரை எல்லோருக்கும் சாதி ஒட்டும் வேலை தொடங்கிவிடும். ஒருங்கிணைப்பவர் ஒரே விதியைச் சொல்ல வேண்டும்: எந்தக் கூற்றுக்கும் கல்வெட்டு எண் அல்லது பாகம்-அத்தியாய எண் இரண்டில் ஒன்று வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் அடுத்த பேச்சு. இன்னொரு ஆபத்து, நாவலையே சான்றாகக் காட்டுவது. பெரிய பழுவேட்டரையருக்கு அறுபத்து நாலு விழுப்புண் என்பதை வரலாற்றுக் கட்டுரையில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பழுவேட்டரையர் என்ற குலம் உண்மை, கீழப்பழுவூரில் கோயில்களும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. புண்ணை எண்ணியது நாவலாசிரியர்.

ஆசிரியருக்கு எழுதுவது

கல்கி 1954 டிசம்பரில் மறைந்துவிட்டார். இன்று சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்குக் கடிதம் எழுதலாம், எழுத வேண்டும். 'அருமை, கண் கலங்கியது' என்பது அவருக்கு ஒரு நொடி சந்தோஷம் தரும். ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்: எந்த அத்தியாயத்தில் எந்த முடிவு உங்களை நிறுத்தியது, எந்த ஆதாரத்தை அவர் எப்படித் திருப்பினார் என்று நீங்கள் கண்டது, எங்கே நம்ப முடியவில்லை. 'இது உண்மையா?' என்று கேட்பதற்குப் பதில் 'இந்தக் காட்சிக்கு எதிலிருந்து கிளம்பினீர்கள்?' என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும். அவருடைய புத்தகத்தின் பிடிஎஃப் கோப்பைக் குழுவில் சுற்றவிட்டுக்கொண்டே பாராட்டுக் கடிதம் எழுதுவது மட்டும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை காப்புரிமை இருக்கிறது. நாட்டுடைமை ஆகாத எல்லாருக்கும் அது பொருந்தும்.

அடுத்த நாவலாக விக்கிரமனின் நந்திபுரத்து நாயகியை எடுக்கலாம், கதை தொடரும். ஆனால் முறை கூர்மைப்பட வேண்டுமென்றால் பிரபஞ்சனின் மானுடம் வெல்லும் நல்லது. அங்கே ஆதாரம் கல்வெட்டுத் துண்டு அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. நாள் வாரியாக, ஆள் வாரியாக எழுதி வைத்தது. கல்கிக்கு ஆதாரம் போதவில்லை, பிரபஞ்சனுக்கு ஆதாரம் குவிந்து கிடந்தது. நோட்டில் முதல் பத்தி நிரம்பி வழியும், நான்காம் பத்தியில் எழுத ஆளைத் தேட வேண்டியிருக்கும். அதற்கு வாரம் ஐந்து அத்தியாயத்துக்கு மேல் வைக்காதீர்கள்.